கிளட்ச் கட் ஆகவில்லை

பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம் வழியாக வரும் கார்களில் பல, ரமணாசிரமத்து வாசலைத் தொட்டுத்தான் திருவண்ணாமலைக்குள் நுழைகின்றன. அந்தச் செங்கம் சாலை 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையின் ஒரு துண்டும்கூட. பௌர்ணமியன்று போலீஸார் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். மற்ற நாட்களில் வெறுங்காலோடு சுற்றுபவர்களும் முதல் கியரில் ஊர்ந்து வரும் கார்களும் ஒரே சாலையில்தான். நடப்பவரின் குதிகாலுக்கும் பம்பருக்கும் சில சமயம் ஒரு முழம்கூட இடைவெளி இருப்பதில்லை.

ஆயிலால் இயங்கும் கிளட்ச் உள்ள கார்களில் அந்த ஒரு முழத்தைக் காப்பது கிளட்ச் மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் சிறிய ரப்பர் வாஷர். பெடலை மிதித்தால் தண்டு பிஸ்டனைத் தள்ளுகிறது. ஆயில் குழாய் வழியே கீழ்ச் சிலிண்டருக்குப் போய் கிளட்சை விலக்குகிறது. வாஷர் தேய்ந்தால் ஆயில் அதன் ஓரமாகப் பின்னால் நழுவிவிடும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, ஆயில் குப்பியில் அளவும் குறையாது. வேகமாக மிதித்தால் வாஷர் விரிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு முறை மிதித்துப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பெடலை மெல்ல அழுத்தி அப்படியே பிடித்திருக்கும்போதுதான் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும், கியரில் நிற்கும் வண்டி தானாக முன்னால் நகரும். கூட்டத்தில் ஓட்டுவதென்பதே பெடலை மிதித்துப் பிடித்திருப்பதுதான். இந்தப் பழுது தன்னைக் காட்டிக்கொள்ளும் இடம் மனிதர்கள் மிக நெருங்கி நடக்கும் இடமாகவே இருக்கிறது. என்னை உறுத்துவது இதுதான்.

இதை முதலில் அறிவது டிரைவரின் பாதம். “சார், கிளட்ச் கட் ஆகல, கியர் கரகரங்குது” என்று அவர் சொல்லிவிடுகிறார். செலவு செய்ய வேண்டியவர் பின் சீட்டில் இருக்கிறார். “ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்” என்கிறார். ஆசிரமத்துக்குள் அவர் அமைதியாக உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் டிரைவர் வெளியே நிழலில் காத்திருக்கிறார். நகரும் வண்டியைப் பிரேக்கால் இழுத்துப் பிடித்தபடி திரும்பவும் கூட்டத்துக்குள் ஓட்டப்போகிறவர் அவர். ஏதாவது நடந்துவிட்டால் பழியும் அவர் தலையில்தான் விழும். இது நியாயமில்லை.

பராமரிப்பு பெரிய காரியமல்ல. இந்த வகைக் கார்களில் பெரும்பாலானவற்றில் கிளட்சுக்கும் ஊற்றுவது பிரேக் ஆயில்தான். பல வண்டிகளில் இரண்டுக்கும் குப்பியும் ஒன்றே. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது தர விதி, 3.7 சதவீதம் நீர் சேர்ந்த நிலைக்கு அதே விதி 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. உறிஞ்சிய நீர் சிலிண்டரின் உட்சுவரையும் அரிக்கிறது. பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. ஆயில் கறுத்திருந்தால் காத்திருக்கவே வேண்டாம். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது. ரப்பர் ஊதிப்போகும், குப்பி ஒன்றாக இருந்தால் பிரேக்கும் சேர்ந்து கெடும்.

பழுதானபின் வாஷர் கிட் போதும் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் சிலிண்டரின் உட்சுவரைக் காட்டச் சொல்லுங்கள். கோடோ குழியோ விழுந்திருந்தால் புது வாஷரும் விரைவில் கிழியும். முழுச் சிலிண்டரையும் மாற்றுவதே முறை. கீழ்ச் சிலிண்டரையும் அன்றே பார்த்துவிட வேண்டும். மாட்டியபின் ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் கீழே நிப்பிளைத் திறந்து மூடி ஏர் எடுக்க வேண்டும். அதுவரை மேலே குப்பி காலியாகக்கூடாது. பெடலில் கொஞ்சம் ஃப்ரீ பிளேவும் வேண்டும். அது இல்லையென்றால் ஆயில் திரும்பும் துளை அடைபட்டு கிளட்ச் வழுக்கும்.

கிளம்புமுன் ஆளில்லாத சமதளத்தில் பிரேக்கை மிதித்து, முதல் கியர் போட்டு, கிளட்சை ஒரு நிமிடம் முழுவதுமாக அழுத்திப் பிடியுங்கள். பிறகு பிரேக்கை மெல்ல விடுங்கள். வண்டி நகர்ந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். டிரைவர் சொன்னால் அந்தச் சோதனையும் வேண்டாம், அன்றே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிட்டு பஸ்ஸில் வாருங்கள்.