இக்ஸ் என்பது யார்?

புதுச்சேரி வைசியாள் வீதியில், எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலைதோறும் வந்தமர்ந்து, பிரெஞ்சுப் படையில் கழித்த நாட்களின் கதைகளோடு என் பேரனுக்குக் கணக்கும் சொல்லித்தரும் முதிய சொல்தா ஒருவர், எக்ஸ் என்னும் எழுத்தை ‘இக்ஸ்’ என்றே உச்சரிப்பார். ஒருநாள், அதனோடு மூன்றைக் கூட்டினால் ஏழு என்று அவர் சிலேட்டில் எழுத, “நாலு” என்றான் பையன். அடுத்து, அதனோடு மூன்றைக் கூட்டினாலும் மூன்றோடு அதைக் கூட்டினாலும் சமமே என்று எழுதினார். “இங்கேயும் நாலுதானா, தாத்தா?” என்று அவன் கேட்டதும், கிழவர் மூக்குப்பொடி மட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாதிருந்தார்.

பையன்மேல் குற்றமில்லை. நம் பழைய திண்ணைப் பள்ளியிலும் எழுத்து எண்ணாக நின்றதுண்டு. ஆனால் அங்கே ‘க’ என்றால் என்றைக்கும் ஒன்றுதான். 1637-இல் தெக்கார்த் அகரவரிசையின் கடைசி எழுத்துகளை அறியாத எண்களுக்கு ஒதுக்குவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, நம் கணிதர்கள் ‘எவ்வளவோ அவ்வளவு’ எனப் பொருள்படும் ‘யாவத்தாவத்’ என்ற சொல்லை ‘யா’ எனச் சுருக்கி எழுதினர். அக்கணிதத்துக்கு அவர்கள் இட்ட பெயரோ அவ்யக்த கணிதம், அதாவது வெளிப்படாததன் கணிதம். பாஸ்கராசாரியர் தம் பீஜகணிதத்தின் முதற் சுலோகத்திலேயே, சாங்கியரின் மூலப்பிரகிருதியையும் ஈசனையும் இக்கணிதத்தையும் ஒரே சிலேடையால் வணங்குகிறார். பிரெஞ்சுக்காரர்களும் அறியாத எண்ணுக்குப் பெண்பாற் பெயரே இட்டிருப்பதை அறிந்தால், பிரகிருதியைப் பெண்ணாகக் கண்ட சாங்கியர் புன்னகை செய்திருப்பர்.

எனினும், ஆசாரியரின் சிலேடை விஷயத்தில் பாதியைத்தான் தொட்டது என்பது என் துணிபு. முதற் கணக்கின் எழுத்து, திரைக்குப் பின்னே ஒளிந்திருக்கும் ஒருவரைக் குறிக்கிறது. திரை விலகியதும் எழுத்துக்கு வேலையில்லை. இரண்டாவதில் ஒளிந்திருப்பவர் எவருமில்லை. எந்த எண் வந்தாலும் இடங்கொடுக்கும் வாயிலாக மட்டுமே அது திறந்து நிற்கிறது. இறைவனைப் பற்றிய நம் வாதங்களில், தேடிக் கண்டடையத்தக்க மறைபொருளாக அவனைக் கொள்வோரும், எதையும் விலக்காது எங்கும் நிறைந்தவனாகக் கொள்வோரும், ஒரே நாமத்தைச் சொல்லிக்கொண்டு வெவ்வேறு கணக்குகளைப் போடுவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

கிழவர் ஒருவழியாகப் பொடியை உறிஞ்சிவிட்டு, “நீயே போட்டுப் பாரேன்” என்றார். பையன் நூறு போட்டான், சரிவந்தது. சைபர் போட்டான், அதுவும் சரிவந்தது. விளக்கேற்றிய பின்னும், பொருந்தாத ஓர் எண்ணைத் தேடிச் சிலேட்டை அழித்தழித்து எழுதிக்கொண்டிருந்தான்.