பணம் கட்டியவர் யார்?

மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் கிராணியின் மேசை முன் வந்து நிற்போர் பலர். தனியாட்கள் தம் வருமான வரியைத் தாமே கணித்து எழுதும் முறை இந்நாட்டில் 2004-ஆம் ஆண்டு வந்தது. அது முதல், படிவத்தைப் படித்தறியத் தெரிந்தவன் ஊருக்கெல்லாம் கணக்கனாகிவிட்டான்.

அண்மையில் ஓர் இளைஞன் வந்தான். பகலில் சுங்கைப் பட்டாணியில் வேலை. இரவில் கணக்கியல் டிப்ளோமாப் படிப்பு. இத்தகைய படிப்புக்கு ஒருவன் தனக்கெனச் செலுத்திய கட்டணத்தை, ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வருமானத்தினின்று கழித்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. ரசீதுகளை நீட்டினான். யாவும் அவன் பெயரிலேயே இருந்தன.

"பணம் யாருடையது, தம்பி?" என்றேன்.

"அம்மாவின் சீட்டுப் பணம், ஐயா. அம்மா பணம் வேறு, என் பணம் வேறா?"

எளிதில் விடை கூறிவிடலாம் என எண்ணினேன், நா எழவில்லை. அந்த அம்மாள் பால்மரம் வெட்டுபவர். 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், ஆண்டுக்கு 20,400. தன்னாள் கழிவு 9,000 போக, வரித் தள்ளுபடியையும் சேர்த்தால் அவர் கட்டவேண்டிய வரி ஏதுமில்லை. வரியே இல்லாதவருக்குக் கழிவினால் பயன் யாது? அதே 7,000 ரிங்கிட்டைத் தன் படிப்புக்குச் செலவிட்டவன் 25 விழுக்காட்டுப் படியில் இருந்தால் 1,750 ரிங்கிட் மிச்சம். 11 விழுக்காட்டில் இருந்தால் 770. சீட்டுக் கட்டிப் பிள்ளையைப் படிக்கவைத்த தாய்க்கோ ஒரு காசும் இல்லை. உள்ளவனுக்கே கொடுக்கும் ஏற்பாடு இது. இதனை நியாயமென்று நான் கூறமாட்டேன்.

அதனால் பொய் எழுதலாமா? 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மலாயாவில் வருமான வரி வந்தபோது, அது வெள்ளையன் கஜானாவுக்குப் போகிறதென்று நம்மவர் முணுமுணுத்திருந்தால் அதிலே பொருளுண்டு. இன்று நம் தமிழ்ப் பள்ளி ஆசிரியரின் சம்பளமும் பொதுப் பணத்திலிருந்தே வருகிறது. ஏமாற்றினால் யாரை ஏமாற்றுகிறோம்?

ஆயினும் தாய் தந்த பணம் மகன் கைக்கு வந்தபின் மகனுடையதன்றோ என்னும் வாதத்தையும் தள்ள முடியவில்லை. தாயே நேரில் போய்க் கட்டியிருந்தால் கட்டியவர் தாய். மகன் கடனாகப் பெற்றுக் கட்டியிருந்தால் கட்டியவன் மகன்தான். வங்கியில் கடன் வாங்கிக் கட்டியவனைக் கட்டாதவன் என்போமா? ஆனால் திருப்பித் தரும் எண்ணம் இல்லாத கடன் கடனாகாது. அம்மா பணமும் தன் பணமும் ஒன்றே என்பவன், படிவத்தில் மட்டும் 'நான் செலவிட்டேன்' என்று எழுதுவது எனக்கு உறுத்துகிறது.

"திருப்பித் தருவாயா?" என்று கேட்டேன். சற்று யோசித்தான். இதுவரை அப்படி நினைத்ததே இல்லையென்று அவன் முகம் சொல்லிற்று. "தருவேன்" என்றான்.

ரசீதுகளை ஏழாண்டு காத்துவைக்க வேண்டுமென்பது சட்டம். ஓர் உறை கொடுத்தேன். தாய்க்குத் தரவேண்டிய தொகையை ஒரு தாளில் எழுதி, அதையும் ரசீதுகளோடு உறையிலிடச் சொன்னேன். எழுதிக் கையெழுத்திட்டான். அதன் பிறகே படிவத்தைக் கையிலெடுத்தேன்.