கூலியும் கைங்கரியமும்

பெற்றோருக்குப் பிள்ளைகள் செய்யக் கடமைப்பட்ட பணிவிடையை, மாதச் சம்பளம் பெறும் அயலார் ஒருவர் அவர்கள் ஸ்தானத்தில் நின்று செய்வாராயின், அதனால் விளையும் புண்ணியம் யாரைச் சேரும், அதனால் ஏற்படும் கடன் யார் தலையில் நிற்கும் என்னும் கேள்விக்குக் கூட்டுக் குடும்பங்கள் நிலைபெற்றிருந்த காலத்தில் பெரும்பாலும் இடமே இருந்ததில்லை. கூடத்து மூலையில் கட்டிலோடு கிடந்த கிழவருக்கு மருமகளோ பேத்தியோ கஞ்சி புகட்டிய காலம் அது. அந்த மருமகளுக்கும் பேத்திக்கும் யாரும் நன்றி சொல்லவில்லை என்பது வேறு விஷயம். அதுவும் ஒரு குறைதான். இன்று பிள்ளைகள் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் நியூஜெர்சியிலும் இருக்க, பெற்றோர் முதியோர் இல்லத்தில் இருக்கின்றனர். இதில் குற்றம் காண்பது என் நோக்கமன்று. ஜீவனத்தின் பொருட்டு ஊர்விட்டுப் போனவர்களைப் பாசமற்றவர்கள் என்று வைவது எளிது, நியாயமன்று. ஆயினும் முன்பு எழாத அந்தக் கேள்வி இப்போது எழுந்திருக்கிறது என்பதையும், 2020-ஆம் வருஷத்துக் கொரோனா மகாமாரி அதை ஒருவரும் தட்டிக் கழிக்க முடியாதபடி நம் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது என்பதையும் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும்.

அவ்வருஷம் மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் தடையுத்தரவும் அன்று நள்ளிரவு தேசம் முழுவதும் ஊரடங்கும் அமலுக்கு வந்தபோது, பஸ்கள் நின்றன. முதியோர் இல்லங்களில் டியூட்டியில் இருந்தவர்கள் வீடு திரும்ப முடியாமலும், மாற்றிவிட வரவேண்டியவர்கள் வந்துசேர முடியாமலும் போக, தம் குழந்தைகளை அண்டை வீட்டார் பொறுப்பில் விட்டபடியே வாரக்கணக்கில் இல்லத்துக்குள் தங்கிவிட்ட ஆயாக்கள் உண்டு. உலகெங்கும் இந்த நோய் முதியோர் இல்லங்களைத் தேடிப் போனதுபோல் தாக்கிற்று. பல நாடுகளில் நோயால் இறந்தவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் இத்தகைய இல்லங்களைச் சார்ந்தவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூலையில் தெரிவித்தது. அத்தனை மரணங்களுக்கும் அருகில் இருந்தவர்கள் பெரும்பாலும் மக்களோ மக்களின் மக்களோ அல்லர். தாதிகளும் ஆயாக்களும் சமையற்காரர்களும் துப்புரவுப் பணியாளர்களுமே.

அவர்கள் செய்வது இன்னதென்று அருகிலிருந்து பார்த்தாலன்றித் தெரியாது. படுத்த படுக்கையாகிவிட்ட ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால், இடுப்பெலும்பு துருத்தும் இடத்தில் தோல் முதலில் சிவந்து, பிறகு கன்றி, பிறகு பிளந்து, ஆறாத புண்ணாகிவிடும். கனத்த சரீரமாயின் புரட்ட இருவர் தேவை. பாதிப் பேர் தொற்றுக்கு அஞ்சியோ தொற்றினால் விழுந்தோ வராமற்போன நாட்களில், ஒருவரே முழங்காலைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டு அதைச் செய்தார். பக்கவாதத்தால் விழுங்கும் சக்தி குன்றியவருக்கு ஒரு கரண்டி கஞ்சி கொடுத்தால், அவர் தொண்டை மேலே எழும்பி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த கரண்டி. அவசரப்பட்டால் புரையேறி, உணவு நுரையீரலுக்குள் இறங்கி, அதுவே எமனாகும். நினைவு தப்பிய மூதாட்டிக்குத் தன் முன் நிற்பவளின் முகம் ஒன்றுதான் உலகத்தோடு எஞ்சிய தொடர்பு. அந்த முகமும் கவசத்துக்குள் மறைந்தபோது, யாரோ கள்வர் வந்துவிட்டதாக எண்ணி அவர் அலறுவார், கையைப் பிறாண்டுவார். அறைக்கு வெளியே தூரத்தில் நின்று கவசத்தை ஒரு கணம் இறக்கி, ‘நான்தாம்மா’ என்று சொல்லிவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டு உள்ளே போய் டயப்பர் மாற்றும் பெண்ணின் பொறுமையை எந்தச் சம்பளப் பட்டியலில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது? சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் அங்கிக்குள் வியர்வை வழிய, கையுறைக்குள் விரல்கள் ஊறி வெளுத்துப்போக, கண் மூடும் தறுவாயிலிருக்கும் ஒருவரின் காதருகே போனைப் பிடித்துக்கொண்டு, கடல் கடந்த மகன் அழுது முடிக்கும்வரை கை வலியைப் பொருட்படுத்தாமல் நின்றவர்களும் இவர்களே.

இதற்கு உலகம் செய்த பிரதி என்ன? நம் தேசத்தில் மார்ச் 22 ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கை தட்டினோம், தட்டுகளை ஒலித்தோம். பிரிட்டனில் மார்ச் 26 தொடங்கிப் பத்து வியாழக்கிழமைகள் இரவு எட்டு மணிக்கு ஜனங்கள் வாசலில் நின்று கைதட்டினார்கள். அந்தக் கரவொலியில் பொய் இருந்ததாக நான் கருதவில்லை. பயந்த மனங்கள் ஒன்றுசேர்ந்து உபகாரிகளை நினைத்த அந்தச் சில நிமிஷங்கள் மெய்யானவையே. ஆனால் அதன்பின் இரண்டு வகையான பேச்சுகள் எழுந்தன. ‘அவர்கள் தெய்வங்கள், தியாக சொரூபங்கள்’ என்றது ஒன்று. ‘சம்பளம் வாங்குகிறார்கள், வேலை செய்கிறார்கள், இதில் என்ன விசேஷம்’ என்றது மற்றொன்று. ஒன்றுக்கொன்று நேர் விரோதமாய்த் தோன்றும் இவ்விரண்டும் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் ஒன்றுதான்: நாம் அவர்களுக்கு மேற்கொண்டு ஒன்றும் தரவேண்டியதில்லை. தெய்வத்துக்குக் கும்பிடு போதும். கூலியாளுக்குக் கூலி போதும். கும்பிடுக்கும் கூலிக்கும் நடுவே நிற்கும் மனிதரை இரண்டு பேச்சும் கண்டுகொள்ளவில்லை.

கூலி வாங்கிச் செய்வதனால் ஒரு செயல் தர்மத்தன்மையை இழந்துவிடுகிறதா என்ற வினாவுக்கு நம் இதிகாசமே விடை சொல்லியிருக்கிறது. மகாபாரதத்து வன பர்வத்தில், தன் கோபப் பார்வையால் பறவையொன்றை எரித்த கௌசிகன் என்னும் பிராமணன், வீட்டுப் பணிவிடையில் இருந்த ஒரு பெண்ணால் கர்வம் அடங்கி, அவள் சொற்படி மிதிலைக்குச் சென்று தர்மத்தைக் கேட்டறிகிறான். முற்பாதிக் கதையைக் கொங்கணவர் மேலும் வாசுகி அம்மையார் மேலும் ஏற்றிச் சொல்வதைத் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. பிற்பாதியை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. மிதிலையில் அவன் கண்ட குரு, கடைவீதியில் இறைச்சி விற்கும் ஒரு வியாதன். அந்த வியாதன் தன் தொழிலுக்குக் காசு வாங்குகிறவன்; எடையில் வஞ்சியாமல், உண்மை பிறழாமல், அந்தக் காசைக் கொண்டே வயது முதிர்ந்த தாய் தந்தையரைத் தெய்வமாகப் பேணுகிறவன். வேதம் ஓதுவதற்காகப் பெற்றோரைத் துறந்து வந்த கௌசிகனை, திரும்பிப் போய் அவர்களைக் கவனி என்று அனுப்புகிறவனும் அவனே. ஊதியம் அவனுடைய தர்மத்தைக் குறைக்கவில்லை. உண்டு வாழ்ந்து தர்மம் செய்வதற்கு அதுவே ஆதாரமாக இருந்தது.

‘பலனை எதிர்பாராமல் கடமையைச் செய்’ என்னும் உபதேசத்தை ஆயாக்களுக்கும் நர்ஸுகளுக்கும் எடுத்துச் சொல்கிறவர்கள் உண்டு. பலனைத் துறக்கும் அதிகாரம் செயலைச் செய்கிறவருக்கு மட்டுமே உரியது. அவருக்குப் பதிலாக நாம் அவருடைய பலனைத் துறந்துவிட முடியாது. நிஷ்காமம் என்பது அவர் ஆத்மாவின் சமாசாரம். அவருக்கு உரிய ஊதியமும் ஓய்வும் நம் கடமையின் சமாசாரம். இவ்விரண்டையும் குழப்பும்போது ஞானத்தின் பெயரால் அநியாயம் நடந்துவிடுகிறது.

மனிதன் மூன்று கடன்களோடு பிறக்கிறான் என்று வேதம் சொல்லும். அவற்றுள் பித்ரு ருணம் சந்ததியினால் தீர்வதாக நூல்கள் கூறினும், பெற்றோரின் முதுமையில் அவர்களைத் தாங்குவதையும் அதில் ஒரு கூறாகவே உலக வழக்குக் கொண்டிருக்கிறது. நான் கட்டவேண்டிய கடனை எனக்காக ஜாமீன் நின்றவர் கட்டிவிட்டால், கடன் கொடுத்தவரிடமிருந்து எனக்கு விடுதலை கிடைக்கிறது. ஆனால் கடனிலிருந்து விடுதலை கிடைப்பதில்லை, இனி நான் ஜாமீன்தாரருக்குக் கடன்பட்டவன். என் தாயின் மலத்தைத் துடைத்து, அவள் வாயில் கடைசித் துளி நீரை விட்டவள் எவளோ, என் பித்ரு ருணம் இடம் மாறி அவளிடம் நிற்கிறது. மாதந்தோறும் இல்லத்துக்கு நான் செலுத்தும் தொகை இடத்துக்கும் உணவுக்கும் நிர்வாகத்துக்கும் போக எஞ்சியதன் ஒரு பகுதியாகவே அவளைச் சேர்கிறது. அவள் செய்ததன் விலையாக அதைக் காட்டி நான் விலகிக்கொள்ள முடியாது.

இந்தக் கடனைத் தீர்க்காத சமூகம் அதன் விளைவை நேரிடையாகவே அனுபவித்தது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்துக் கிர்க்லாண்டில், 2020 பிப்ரவரி இறுதியில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நோய் வெடித்துப் பரவியபோது, அரசாங்கத்தின் நோய்த்தடுப்பு நிபுணர்கள் ஆராய்ந்து சொன்ன காரணங்களில் இரண்டு, பணியாளர்கள் உடம்பு சரியில்லாத நிலையிலும் வேலைக்கு வந்தது, ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தது. உடம்பு சுடும்போது ஒருவர் ஏன் வேலைக்கு வருகிறார்? வராத நாளுக்குச் சம்பளம் இல்லையென்றால் வாடகை நிற்கும் என்பதனால். ஏன் இரண்டு இடங்களில் வேலை பார்க்கிறார்? ஓரிடத்துக் கூலி வயிற்றுக்குப் போதாமையால். ஆகவே அந்தக் கிருமியை ஒரு கட்டிலிலிருந்து மற்றொரு கட்டிலுக்குச் சுமந்து சென்றது பணியாளரின் அஜாக்கிரதை என்பதைக் காட்டிலும், நாம் அவருக்குக் கொடுத்த கூலியின் குறைவு என்பதே பொருந்தும். இங்கிலாந்தில், வீதிதோறும் கைதட்டிய அதே வாரங்களில், ஆஸ்பத்திரிப் படுக்கைகளைக் காலி செய்வதற்காக நோயாளிகள் சோதிக்கப்படாமலே முதியோர் இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அறிகுறியில்லாத தொற்றினால் முதியோருக்கு நேரும் ஆபத்தைக் கருதாத அக்கொள்கை சட்டத்துக்கு முரணானது என்று 2022 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமோ 2020 வசந்தத்திலேயே, பணியாளர் ஒருவர் ஒரே இல்லத்தில்தான் வேலை செய்யவேண்டும் என்று உத்தரவிட்டதோடு, அதனால் அவருக்கு நஷ்டம் நேராதபடி கூலியையும் அரசாங்கச் செலவில் உயர்த்திச் சமன் செய்தது. நன்றி எந்த உருவத்தில் வரவேண்டும் என்று என்னைக் கேட்டால், நான் இந்த உத்தரவைக் காட்டுவேன்.

பிரான்ஸில் லியோன் நகரத்துக்கு அருகே ஓர் இல்லத்தில், 106 முதியோரைக் காப்பதற்காக, பணியாளர் ஐம்பது பேரில் 29 பேர் தாமே முன்வந்து, அவர்களுள் சிலர் 47 பகலும் இரவும் முழுதுமே வீட்டுக்குப் போகாமல், தரையில் மெத்தை விரித்துப் படுத்து, அவர்களோடு வாழ்ந்தார்கள். மே மாதத்தில் கதவு திறந்தபோது, அங்கிருந்த ஒரு முதியவரையும் இந்த நோய் கொண்டுபோயிருக்கவில்லை. இதைக் கைங்கரியம் என்றல்லாமல் வேறெந்தச் சொல்லாலும் குறிக்க எனக்கு மனம் வரவில்லை. எனினும், உள்ளே தங்காத மற்றவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களுள் கைக்குழந்தை உடையவர்களும் நோயுற்ற கணவனை உடையவர்களும் இருந்திருக்கலாம். அவரவர் வீட்டிலும் அவரவரைப் பற்றிய தர்மம் ஒன்று காத்திருக்கிறது. மகத்தான தியாகத்தைப் போற்றுகின்ற அதே வாயால், அந்தத் தியாகம் இல்லாமலே முதியோர் பிழைத்திருக்கும்படி ஏற்பாடு செய்யவேண்டியவர்கள் என்ன செய்தார்கள் என்றும் கேட்கவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. நோயாளியைத் தொட்டவரையே தீண்டத்தகாதவராக்கும் புத்தி நம்மிடம் இருந்தது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்ட நர்ஸுகள் இருந்தார்கள். 2020 ஏப்ரலில் சென்னையில், தொற்றினால் இறந்த மருத்துவர் ஒருவரின் சடலத்தை அடக்கம் செய்ய வந்தவர்கள் கல்லாலும் கட்டையாலும் தாக்கி விரட்டப்பட, சக மருத்துவர் ஒருவர் இரவில் திரும்பிவந்து தம் கையாலேயே குழியை மூடினார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வைணவ ஆசாரியர் பெரிய நம்பியின் நினைவு வந்தது. தம் குருவாகிய ஆளவந்தாரின் நோயைப் பிரசாதம் என்று தாம் வாங்கிக்கொண்டு துன்புற்றவர், தாழ்ந்தவர் என்று உலகம் ஒதுக்கிய குலத்தில் பிறந்த மாறனேரி நம்பி. அவருக்கு அன்னம் கொண்டுசென்று பணிவிடை செய்த பெரிய நம்பி, அவர் பரமபதித்தபின் பிரம்மமேத சம்ஸ்காரம் என்னும் ஈமச் சடங்கையும் தாமே செய்தார். ஸ்ரீரங்கத்தில் ஊரார் அவரை விலக்கிவைத்தார்கள். இராமாநுஜர் காரணம் கேட்டபோது, பறவையாகிய ஜடாயுவுக்குத் தந்தைக்கு ஒப்ப ஈமக்கடன் செய்த இராமபிரானின் செயலைத்தான் அவர் எடுத்துக் காட்டினார். சொந்தத் தந்தையின் மரணத்தில் அருகிராத மகன், வழியில் கண்ட ஒருவருக்கு மகனாக நின்றான். அந்தக் காரியம் நடந்த இடம் என்று காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள திருப்புட்குழி இன்றும் போற்றப்படுகிறது. இரத்த சம்பந்தமில்லாதவருக்குச் செய்யும் சேவையை இவ்வளவு உயரத்தில் வைத்த மரபு, அதைச் செய்கிறவளை வாசலில் நிறுத்திவைக்கலாமா? மகாளயத்தில் காருண்ய பித்ருக்கள் என்று, உறவல்லாத உபகாரிகளுக்கும் எள்ளும் நீரும் இறைக்கிறோம். பிறர் பெற்றோரைப் பார்த்துக்கொண்டே அந்த நோயில் மாண்ட பணியாளர்களுக்கு அவ்வரிசையில் இடமில்லை என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லாது.

உயிரோடிருக்கிறவர்களுக்குச் செய்யவேண்டியதோ எள்ளும் நீரும் அன்று. காய்ச்சல் கண்ட நாளுக்குச் சம்பளம் பிடிக்காத விடுப்பு, இரவில் துணைக்கு இன்னோர் ஆள், மருத்துவத்துக்கு இ.எஸ்.ஐ., முதுமைக்கு பி.எஃப்., ஞாயிற்றுக்கிழமை ஒன்றிலாவது மகனோ மகளோ நேரில் வந்து கஞ்சிக் கரண்டியைத் தாமே வாங்கிக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்புதல்: இவையே அந்தக் கடனின் தவணைகள். கட்டணத்தை ஆயிரம் ரூபாய் உயர்த்தினால் பிள்ளைகள் சண்டைக்கு வருகிறார்கள் என்று இல்லங்களை நடத்துவோர் சொல்வதுண்டு. அந்தச் சண்டையை முதலில் நாம் விடவேண்டும். உயர்த்திய ஆயிரத்தில் எவ்வளவு இரவு ஆயாவின் சம்பளத்தில் சேர்ந்தது என்று கணக்குக் கேட்கும் யோக்கியதை அதன் பிறகுதான் நமக்கு வரும், கேட்கவும் வேண்டும்.