யார் மேல் பழகுவது?

அப்பாவின் இடது கையில் ஐந்து இடங்களில் குத்தினார்கள். ஆறாவது குத்தில்தான் நரம்பு கிடைத்து சலைன் இறங்கியது. குத்தியவள் நர்ஸிங் மாணவி, பத்தொன்பது வயதிருக்கலாம். மூன்றாவது குத்துக்குப் பிறகு அவள் விரல்கள் நடுங்கியதை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். "பரவால்ல கண்ணு, பழகிக்க" என்றார். அவரிடமிருந்து நான் கேட்ட கடைசி முழு வாக்கியங்களில் அது ஒன்று. இரண்டு நாள் கழித்து, அதே ஆஸ்பத்திரியின் வராந்தாவில், ஒருவர் படுக்கை எண்ணைச் சொல்லி, ஆள் யார் என்று கேட்டு, பாடியை எடுத்துக்கொள்ளலாம் என்றார். அப்பா இறந்துவிட்டார் என்பதை அந்த வாக்கியத்திலிருந்து நானாகவே பெற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இதை இங்கே எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. என் கொழுந்தியா ஒரு நர்ஸிங் கல்லூரியில் பாடம் சொல்கிறவள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தபால் வழி போலக் கணினி வழியாகவே முதுகலை ஒன்று படிக்கிறாள். மருத்துவத்தில் பாவனைப் பயிற்சி தருவது எப்படி என்பதே படிப்பு. "பொம்மையை வெச்சு விளையாடறதுக்கு எம்.எஸ்.ஸா?" என்று கேட்டேன். "பொம்மை சுலபமுங்க மாமா. விளையாட்டு முடிஞ்சப்புறம் பேசறதுதான் படிப்பு" என்றாள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சில பல்கலைக்கழகங்களில் இது தனித் துறையாகவே ஆகியிருக்கிறது. நோயாளியின் கதையை எழுதுவது, பொய்க்காயம் தீட்டுவது, மாணவன் தவறு செய்ய இடம் கொடுப்பது, பிறகு அவனை உட்காரவைத்து, அந்த நிமிஷத்தில் என்ன நினைத்தாய் என்று அவமானப்படுத்தாமல் கேட்பது. இந்தக் கடைசியை டீப்ரீஃபிங் என்கிறார்கள். பாதிப் படிப்பு அதற்கே போகிறது என்றாள். விமர்சனம் எழுதுகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

நான் வேலை பார்ப்பது மங்கலத்தில். ஒரு பக்கம் தறிக்குடோன்கள், இன்னொரு பக்கம் பனியன் கம்பெனிகள், நடுவில் நொய்யல். கம்பெனியில் புதிதாகச் சேரும் பெண்ணைக் கைமடியாக நிறுத்துவார்கள். மெஷினில் உட்கார ஆசைப்பட்டால், சாப்பாட்டு இடைவேளையில் கட்டிங் வேஸ்டை எடுத்து ஓட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்டர் துணியில் யாரும் பழகவிட மாட்டார்கள். துணிக்கு இருந்த இந்த மரியாதை உடம்புக்கு இருந்ததா என்பதுதான் என் கேள்வி. உலகம் முழுக்கவும் மருத்துவன் பழகியது தர்ம ஆஸ்பத்திரியில், காசு கொடுக்க முடியாதவர்களின் மேல். பழகிய கை பிறகு காசுள்ளவரிடம் போனது. கொடுக்கல் வாங்கலாக எழுதினால் இது ஒரு கடன், வாங்கியவர் எங்கும் கையெழுத்துப் போடாத கடன். அமிடாய் ஸிவும் அவர் சகாக்கள் மூவரும் 2003-இல் ஒரு கட்டுரையில் இதையேதான் வேறு விதமாகச் சொன்னார்கள்: பாவனைப் பயிற்சி வசதியோ ஆடம்பரமோ அல்ல, அறத்தின் கட்டாயம், நோயாளி மாணவனுக்குக் கருவி அல்ல.

யோசனை புதிதல்ல. சுச்ருதரின் நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அறுக்கப் பழக பூசணி, சுரை, வெள்ளரி. ரத்தக்குழாயைக் குத்தப் பழக இறந்த மிருகத்தின் குழாய் அல்லது தாமரைத் தண்டு. தைக்கப் பழகத் தடித்த துணி. கட்டுப் போடப் பழக ஆள் உருவத்தில் பொம்மை. சாஸ்திரம் முழுதும் தெரிந்தாலும் கை பழகாதவன் தகுதியற்றவன் என்கிறது. 18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் ஆஞ்ஜெலிக் து கூத்ரே என்ற மருத்துவச்சி, துணியும் தோலும் வைத்துத் தைத்து, உள்ளே அடைத்து, ஒரு பெண்ணின் இடுப்பையும் அதற்குள் ஒரு சிசுவையும் செய்தாள். 1759-இல் பதினைந்தாம் லூயியின் உத்தரவு பெற்று அந்தத் துணி உடம்பைத் தூக்கிக்கொண்டு மாகாணம் மாகாணமாகப் போய்க் கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். ஒன்று இன்னும் ரூவான் நகர மியூஸியத்தில் இருக்கிறது. படத்தில் பார்த்தேன். தையல் நேர்த்தியாக இருக்கிறது. எங்கள் ஊர் செக்கிங்கில்கூடப் பாஸாகும்.

இப்போது மங்கலத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணியில் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் திறக்கப்பட்ட பதினொன்றில் ஒன்று. 2019-இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியதிலிருந்து திறன் பழகும் கூடம் கல்லூரிகளுக்குக் கட்டாயம். நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதும் பாடமாகியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் கவிதை எழுதும் நண்பர் குறுக்கிட்டார். "நரம்பு குத்தப் பழகட்டும். இரக்கத்தைப் பழகலாமா? ஒத்திகை பார்த்த துக்கம் துக்கமா?" சில வருஷம் முன்பு நானும் இதையே கேட்டிருப்பேன். அனுபவத்திலிருந்து வராத வார்த்தை பொய் என்பது நம் சிறு வட்டத்தில் கிட்டத்தட்ட மதம். தவிர எனக்கு நேரடி அத்தாட்சியும் இருந்தது. பாங்க் பயிற்சியில் எங்களுக்கு இப்படி நடத்தினார்கள். நான் கோபக்கார வாடிக்கையாளன், ஈரோட்டுக்காரர் ஒருவர் குமாஸ்தா. "உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது" என்று அவர் சொல்ல வேண்டும். சொன்னார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் கவுண்டரில் அந்த வாக்கியம் யாருக்கும் வாயில் வரவில்லை.

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தியா என்னைக் கூப்பிட்டாள். மாணவர்கள் முன்னால் நோயாளியின் மகனாக நடிக்க ஆள் வேண்டும். நோயாளியாகவே நடிப்பவர்களும் உண்டு. 1963-இல் லாஸ் ஏஞ்ஜலஸில் ஹவர்ட் பாரோஸ் என்ற டாக்டர் இதை ஆரம்பித்தபோது, ஹாலிவுட் பக்கத்திலிருப்பதால் வந்த கிறுக்கு என்று கேலி செய்தார்களாம். எனக்குக் கொடுத்த தாளில் நாலு வரி. அப்பா ஐ.ஸி.யு.வில், உனக்கு நம்பிக்கை இருக்கிறது, அவ்வளவுதான். என் அப்பாவைப் பற்றிக் கொழுந்தியாவுக்குத் தெரியும். "வேண்டாம்னா சொல்லிடுங்க மாமா" என்றாள். அதைச் சொன்னதால்தான் நான் போனேனோ என்னவோ.

முதல் பையன் நின்றபடியே சொல்லிவிட்டான். இரண்டாவது வந்த பெண் நாற்காலியை இழுத்து என் உயரத்துக்கு உட்கார்ந்தாள். என் பெயர் கேட்டாள். அப்பாவின் பெயரைச் சொன்னாள், தாளில் இருந்த பெயரை. "இறந்துட்டாருங்க" என்றாள். காலமானார் என்றோ, நம்மால் முடியவில்லை என்றோ இல்லை. பிறகு பேசாமல் இருந்தாள். அந்த மௌனத்துக்கும் மார்க் உண்டு என்று எனக்கு முன்னமே தெரியும். தெரிந்தும் என் தொண்டை அடைத்தது. அழுதேன். நடிப்பில்லை. அந்த வராந்தாவில் வராத அழுகை, இன்னொருவருடைய அப்பாவின் பொய்ப் பெயரைக் கேட்டு வந்தது.

யார் பாவனை செய்தது? அவளுக்கு என் மேல் துக்கம் இருந்திருக்க நியாயமில்லை. ஆனால் நாற்காலியை இழுத்தது நிஜம். மௌனம் நிஜம். தொல்காப்பியம் நாடக வழக்கு, உலகியல் வழக்கு என்று இரண்டைச் சொல்கிறது. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தவில்லை, இரண்டும் சேர்ந்துதான் பாடல் என்கிறது. நாம்தான் பிறகு ஒன்றை உண்மை என்றும் ஒன்றைப் பொய் என்றும் பிரித்துக்கொண்டோம். கோல்ரிட்ஜ் 1817-இல் வாசகன் தானாகவே அவநம்பிக்கையை ஒத்திவைப்பதைப் பற்றிச் சொன்னதை பி.ஏ.யில் மனப்பாடம் செய்தோம். கொழுந்தியாவின் பாடத்தில் அதற்கு ஒப்பந்தம் என்று பெயர். இது நிஜமல்ல என்று இருவருக்கும் தெரியும், இருவரும் நிஜம்போல் நடந்துகொள்ள ஒப்புகிறார்கள். அந்த வராந்தா ஆள் பாவனை எதுவும் செய்யவில்லை. களைப்பாக இருந்தார், களைப்பாகவே சொன்னார். அதுவும் அனுபவத்திலிருந்து வந்த வார்த்தைதான்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒன்று உறுத்துகிறது. உலகமெங்கும் மூச்சூதப் பழகும் பொம்மையை 1960-இல் செய்தவர் நார்வேயின் ஸ்டாவாங்கரில் இருந்த ஆஸ்முன் லேர்டால், பொம்மை வியாபாரி. முகத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது, ஸென் நதியில் மூழ்கிய பெயரற்ற பெண்ணுடையது என்று சொல்லப்படும் சாவு முகமூடி. பாரிஸில் வீட்டுச் சுவர்களில் அது அலங்காரமாகத் தொங்கியது. ரில்கேயின் மால்ட்டேயில் ஒரு கடை வாசலில் வருகிறது. மூழ்கியவளின் முகம் அவ்வளவு அமைதியாக இருக்க முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. யாருடையதாயினும் அவளை யாரும் கேட்கவில்லை. கேட்கப்படாத ஒருத்தியின் உதட்டில்தான் லட்சக்கணக்கான பேர் உயிர் கொடுக்கப் பழகியிருக்கிறார்கள்.

பொம்மையின் மேல் நூறு தடவை பழகினாலும், முதல் நிஜ நரம்பு என்று ஒன்று யாரிடமாவது இருந்தே தீரும். பாவனை அதைத் தள்ளிப்போடும், சின்னதாக்கும், இல்லாமல் ஆக்காது. அந்த மிச்சத்தில் யார் படுத்திருப்பார்? அவரைக் கேட்பார்களா? பொம்மை பொறுத்துக்கொள்ளும், ஆனால் அனுமதி தராது. அப்பா தந்தார். அவர் நாற்பது வருஷம் தறி ஓட்டியவர், எத்தனையோ பையன்களுக்குப் பழக்கிவிட்டவர். அவர்கள் கெடுத்த துணிக்கு அவர் கூலியில்தான் பிடித்தார்கள். அதனால் அவருக்கு அந்த வார்த்தை சுலபமாக வந்தது. அதை நான் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது கூச்சமாக இருக்கிறது. கேட்காமலே குத்தினார்கள்; அவர் கேட்டதுபோல் ஆக்கிக் கொடுத்தார். அந்தப் பெருந்தன்மை இல்லையென்றால் ஐந்து குத்துக்கு என்ன பெயர்? அந்தப் பெண்ணை நான் குற்றம் சொல்லவில்லை. அவளுக்குத் தாமரைத் தண்டுகூடக் கொடுக்காமல் அனுப்பியிருந்தார்கள்.

பாவனை நோயாளி சாகலாமா என்று அந்தத் துறைக்குள்ளேயே சண்டை இருக்கிறதாம். மாணவனின் தவறால் பொம்மை செத்தால் அவன் ஒடிந்துவிடுவான் என்கிறார்கள் சிலர். சாகாத பொம்மை பொய் சொல்கிறது என்கிறார்கள் மற்றவர்கள். நான் இரண்டாவது கட்சி, செத்தபின் பேச ஆளிருக்கும் பட்சத்தில்.

அன்று முடிந்து வெளியே வந்தபோது முதல் பையன் டீ கொண்டுவந்தான். "சார், நான் நின்னுட்டே சொல்லிட்டேன்" என்றான். ஆமாம் என்றேன். "இன்னொரு தடவை செய்யலாங்களா?" கொழுந்தியா என்னைப் பார்த்தாள். இன்றைக்கு என்னால் முடியாது என்றேன். அடுத்த ஞாயிறு பாங்கில் அரையாண்டுக் கணக்கு. அதற்கடுத்த ஞாயிறு போனேன்.