தனித்திருந்த நாட்களும் பஞ்சகால வழிபாடும்

ஸ்ரீ:

ஸ்ரீபெரும்பூதூரில் 1017-ஆம் ஆண்டு திருவவதரித்தருளிய எம்பெருமானாரின் ஆயிரமாவது திருநக்ஷத்திரம் 2017-இல் எங்கும் கோலாகலமாகக் கொண்டாடப்பெற்றது. மூன்றே ஆண்டுகள் கழிந்தன. 2020 ஏப்ரல் 28 அன்று சித்திரைத் திருவாதிரை வந்தது. அடியார்கள் திரண்டு ஸேவிக்க வழியில்லை. கொரோனா நோயின் காரணமாக மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. திருக்கோயில்களில் அர்ச்சகர்கள் நித்திய பூஜையை நடத்தி வந்தனர். ஸேவார்த்திகளுக்குக் கதவு திறக்கவில்லை. தமிழகத்தின் பெருங்கோயில்களில் மீண்டும் தரிசனம் கிடைத்தது செப்டம்பர் 1 அன்றுதான்.

தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் முதலிய ஊர்களில் பொழுதைப் பகுத்துக் கொடுப்பது சூரியனன்று, ஆலைகளின் ஷிப்டு. விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி, இருட்டிய பின் இல்லம் திரும்புவோர் பலர். "பெருமாளை நினைக்க நேரமேது?" என்பது அவர்களுடைய ஏக்கம். ஆலைகள் மூடிய அவ்வாரங்களிலோ நேரம் முழுதும் கையில் இருந்தது, ஸந்நிதிதான் எட்டவில்லை. அச்சமும் சலிப்புமாக நாட்களைக் கழித்தவர் பலர். கோயில் அடைத்திருக்கையில் பக்தன் செய்யத்தக்கது யாது?

இதற்குரிய விடையைப் பெரியோர்கள் முன்னமே ஸாதித்துள்ளனர். பாஞ்சராத்ரம் ஒரு நாளை ஐந்து காலங்களாகப் பகுக்கிறது. காலையில் எம்பெருமானை அணுகுதல் அபிகமனம். ஆராதனத்துக்குரிய பொருள்களைச் சேர்த்தல் உபாதானம். திருவாராதனம் செய்தல் இஜ்யை. நூல்களை ஓதுதல் ஸ்வாத்யாயம். இரவில் அவனைத் தியானித்தல் யோகம். எம்பெருமானார் அருளிய ஒன்பது நூல்களுள் ஒன்றான நித்யக்ரந்தம் அன்றாடத் திருவாராதன முறையை விரித்துரைப்பது. கோபுரமும் தேரும் இல்லாத சிறு வீட்டிலும், ஒரு துளஸீதளமும் ஒரு பாத்திரம் தீர்த்தமும் கொண்டு அவனை உபசரிக்கலாம். கிருஹமே ஸந்நிதியாயிற்றென்றால், அடைபட்ட கதவும் தடையாகுமோ?

பிரிவை எம்பெருமானாரும் அறிந்தவரே. திருவரங்கத்தைவிட்டுச் சென்று, ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் மேல்கோட்டைப் பக்கத்தில் எழுந்தருளியிருந்தார் என்று குருபரம்பரை கூறும். பெரிய பெருமாளைப் பிரிந்த துயரம் சிறிதன்று. ஆயினும் அவர் கைங்கர்யத்தை நிறுத்தினாரில்லை. அங்கே திருநாராயணனைப் பிரதிஷ்டை செய்தார். தாழ்த்தப்பட்டோரைத் திருக்குலத்தார் என்றழைத்துக் கோயிலுக்குள் கொணர்ந்தார். இடம் மாறியது, தொண்டு மாறவில்லை.

ஆனால் வீட்டுக்கதவைச் சாத்திக்கொண்டு தன் ஆராதனத்தோடு நின்றுவிடுதல் போதாது. அதிதியை உபசரித்த பின்னரே உண்பது கிருஹஸ்தனின் தர்மம். அந்நாட்களில் ஆலைகளைச் சூழ்ந்த ஊர்களில், பீஹாரிலிருந்தும் ஒடிஸாவிலிருந்தும் வந்த தொழிலாளர் வேலையும் கூலியுமின்றி வாடகை அறைகளில் அடைபட்டிருந்தனர். ஊர் திரும்ப மே மாதத்தில் சிறப்பு ரயில்கள் ஓடும்வரை அவர்களுக்கு வழியில்லை. அவர்களுக்காக ஒருபிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்த கைகள், அன்றைய உபாதானத்தைக் குறைவறச் செய்தன.

முகத்தை மூடி எட்ட நின்றதையும் இவ்வாறே கொள்ள வேண்டும். பிறரைத் தாழ்ந்தவரென்றெண்ணி விலகுதல் பாபம். தன் மூச்சால் பிறர்க்குத் தீங்கு நேரலாகாதென்று விலகி நிற்றலோ தர்மம். முன்னது அஹங்காரம், பின்னது ஸர்வபூத தயை.

இனி, பலர் நெஞ்சில் இன்றும் ஆறாதிருக்கும் துயரம் ஒன்றுண்டு. ஆஸ்பத்திரியில் தனியே உயிர் நீத்தவர்கள், செவியில் திருநாமம் ஓத ஒருவருமின்றிப் போயினர். மகன் தலைமாட்டில் இல்லை, கங்கைநீர் விடுவாரில்லை, ஊர்க்காரர் நாலுபேர் தோள் கொடுக்கவும் இயலவில்லை. "அந்திம ஸ்மரணம் இல்லாத இவ்வாத்மாவின் கதி என்ன?" என்று இரவுதோறும் கலங்கியவர்கள் உண்டு.

அவர்களுக்கு ஆறுதல் வராஹப் பெருமான் பூமிப்பிராட்டிக்கு அருளிய சரம ச்லோகம். உடல் நலமும் தெளிந்த மனமும் உள்ளபோது ஒருவன் தன்னை நினைத்தானாகில், அவன் இறுதியில் கட்டைபோலும் கல்போலும் நினைவிழந்து கிடந்தாலும், அவனைத் தானே நினைத்துப் பரமபதம் சேர்ப்பிப்பதாக எம்பெருமான் வாக்களித்தான் என்பது அதன் தாத்பர்யம். கடைசி நினைவு ஜீவனுடைய பொறுப்பன்று, அவனுடைய பொறுப்பு. சுற்றத்தார் நுழைய முடியாத அறையிலும் அந்தர்யாமியாய் அவன் முன்னமே இருந்தான். ஆகவே எவரும் தனியே போகவில்லை.

திருவிழாவுக்கு வந்துள்ள அன்பர்கள், ஸ்ரீசடாரி சாதிக்கப்பெறும்போது, இன்று வர இயலாமற்போன அவ்வாத்மாக்களையும் நினைப்பார்களாக. தெளிந்த மனமுள்ள இன்றே ஒருமுறை அவனை நினைப்பார்களாக. வீடு திரும்பியபின் ஐந்து காலங்களில் ஒன்றையேனும் விடாது பற்றுவார்களாக.

எம்பெருமானார் திருவடிகளே சரணம்.