அடித்தளத்தில் ஏறும் தண்ணீர்

(தடைக்காலம் முடிந்து கடலுக்குச் செல்வோருக்கான திருப்பலி. வாசகம்: 1 திமொத்தேயு 1:18-19)



ஏப்ரல் 15-இல் தொடங்கிய 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதி நள்ளிரவோடு முடிகிறது. கரையேற்றிய விசைப்படகுகளைப் பழுது பார்த்து, பெயின்ட் அடித்து, எஞ்சினை ஓட்டிப் பார்த்து மறுபடியும் தண்ணீரில் இறக்கிவிட்டீர்கள். திருப்பலி முடிந்ததும் அவற்றை மந்திரிக்கப் போகிறோம். அதற்கு முன், வாசகத்தில் கேட்ட ஒரு சொல்லை உங்கள் நெஞ்சில் பதிய வைக்க விரும்புகிறேன்.

திருத்தூதர் பவுல் தம் அன்புப் பிள்ளை திமொத்தேயுவை எச்சரிக்கிறார். நம்பிக்கையையும் நல்ல மனச்சான்றையும் இறுகப் பற்றிக்கொள் என்கிறார். மனச்சான்றை உதறித் தள்ளிய சிலருடைய நம்பிக்கை, கப்பல் உடைவதுபோல் உடைந்துபோனது என்கிறார். கடலை ஏட்டில் மட்டும் அறிந்தவர் எழுதிய வார்த்தை இல்லை இது. மும்முறை கப்பல் உடைந்து தவித்ததையும், ஓர் இரவும் பகலும் ஆழ்கடலில் கிடந்ததையும் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலில் அவரே சொல்கிறார். அதற்குப் பிறகும், கைதியாக உரோமைக்குப் போன வழியில், 276 பேர் இருந்த கப்பல் மால்த்தா தீவருகே தரைதட்டிச் சிதறியதை திருத்தூதர் பணிகள் நூலில் வாசிக்கிறோம். இவ்வளவு பட்டவர், நம்பிக்கை உடைந்ததற்குக் காரணம் சொல்லும்போது புயலைக் குறை சொல்லவில்லை. பாறையைக் குறை சொல்லவில்லை. உள்ளே இருந்த காவலைத் தாங்களே எறிந்துவிட்டார்கள் என்கிறார்.

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்தப் படகிலும் தண்ணீர் ஏறத்தான் செய்யும். புரொப்பெல்லர் சாஃப்ட் வெளியே போகும் இடத்தில் கிளாண்ட் வழியாகச் சொட்டும். மீன் அறையில் ஐஸ் உருகி வடியும். தளத்தில் அடித்த அலையும் மழையும் இடுக்கு வழியாக இறங்கும். எல்லாம் போய்ச் சேர்வது எஞ்சினுக்குக் கீழே, கண்ணில் படாத அந்தப் பள்ளத்தில்தான். நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஓர் அங்குல ஓட்டை விழுந்தால் போதும். நிமிடத்துக்குச் சுமார் 60 லிட்டர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் மூன்றரை டன்னுக்கு மேல் பாரம் ஏறிவிடும். அந்தத் தண்ணீர் ஓரிடத்தில் நிற்காது. படகு சாயும் பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும்.

மின்பம்பு பொருத்திய படகுகளில், அந்தப் பள்ளத்திலேயே கையகலத்தில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச் இருக்கும். தண்ணீர் ஏறினால் மிதவை எழும்பும், பம்பு ஓடும். தண்ணீர் வடிந்தால் மிதவை படுக்கும், பம்பு நிற்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகும் அது விழித்திருக்க வேண்டும். அதனால்தான் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்து அதற்குத் தனி வயர் கொடுக்கிறார்கள். இறைவன் நமக்குள் வைத்த மனச்சான்றும் அப்படி விழித்திருக்க வேண்டிய காவல்தான். மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் உள்ளறை அது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏடு கற்பிக்கிறது. பாவப் பழக்கத்தால் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வை இழக்கக்கூடும் என்றும் அதே பகுதி எச்சரிக்கிறது.

எஞ்சின் கெட்டால் சத்தத்தில் தெரியும். வலை கிழிந்தால் கண்ணில் படும். இந்தச் சுவிட்ச் கெட்டால் எதுவுமே தெரியாது. விளக்கு எரியும், வயர்லெஸ் பேசும், படகு ஓடும். பழுதான சுவிட்சைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? மிதவைக்கு அடியில் மீன் செதிலும் அறுந்த வலை நூலும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து களிமண்போல் இறுகியிருக்கும். வயரை வெட்டினால், வெளியே உறை புதிது போலத் தெரியும். உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாக உதிரும். ஒரே நாளில் வந்த கேடா இது? சொட்டுச் சொட்டாக உப்பு ஏறி வந்தது.

சம்மாட்டிமாரே, தொழிலுக்குப் போகும் பிள்ளைகளே, நம் மனச்சான்றும் இப்படித்தான் கெடுகிறது. டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துப் பங்கு பிரிக்கும்போது, செலவில் ஆயிரம் ரூபாயைக் கூட்டி எழுதினோம். முதல் தடவை நெஞ்சு உறுத்தியது. அடுத்த தடவை உறுத்தல் குறைந்தது. பிறகு அதுவே வழக்கமானது. பொடி மீனையும் விடாமல் அரிக்கும் சின்னக் கண்ணி வலையை முதலில் இறக்கியபோது கை தயங்கியது; இன்று தயக்கம் இல்லை. குடித்துவிட்டு வந்து மனைவியை அடித்த முதல் இரவில் கண்ணீர் வந்தது, இன்று வரவில்லை. உறுத்தல் நின்றதும் பாவம் நின்றுவிட்டதாக எண்ணுகிறோம். தண்ணீர் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

நேர்மாறான பழுதும் உண்டு. மிதவை மேலேயே சிக்கிக்கொண்டால் தண்ணீர் இல்லாதபோதும் பம்பு ஓடும். பேட்டரி காலியாகும், பம்பும் சூடேறிக் கெடும்; உண்மையிலேயே தண்ணீர் வரும் நேரத்தில் ஒன்றும் உதவாது. மன்னிக்கப்பட்ட பாவத்தையே திரும்பத் திரும்பக் கிளறி, கடவுள் தன்னை ஏற்கமாட்டார் என்று நடுங்கும் உள்ளங்கள் நம் நடுவிலும் இருக்கின்றன. 1522-இல் மன்ரேசாவில் தங்கியிருந்த புனித இஞ்ஞாசியார் இந்த வேதனையில் உயிரையே விட்டுவிடலாமா என்னும் அளவுக்குத் தவித்தார். ஆண்டவரின் இரக்கமே அவரை மீட்டது. அவருடைய தோழர்தான் 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார். அப்படித் தவிக்கும் தாய்மாரே, தந்தையரே, மன்னிப்புப் பெற்ற பாவம் போய்விட்டது. நிம்மதியாக இருங்கள்.

சரி, பழுதை எப்படி மாற்றுவது? பம்பு ஓடவில்லை என்றதும் நல்ல மெக்கானிக் புது சுவிட்ச் வாங்க ஓடமாட்டார். முதலில் ஃபியூஸைப் பார்ப்பார். பிறகு சுவிட்சுக்கு வரும் இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்ப்பார். பம்பு ஓடினால் கெட்டது சுவிட்ச். ஓடாவிட்டால் கோளாறு பம்பிலோ வயரிலோ இருக்கிறது. நாமும் இதைப் பிரித்தறிய வேண்டும். தப்பு என்றே தெரியாமல் செய்கிறோமா? தெரிந்தும் நிறுத்த முடியாமல் செய்கிறோமா? தெரியாதவனுக்கு மறைக்கல்வியும் நல்லவர்களின் அறிவுரையும் வேண்டும். தெரிந்தும் நிறுத்த முடியாதவனுக்கு அருளின் வல்லமையும் கைகொடுக்கும் ஆட்களும் வேண்டும். குடியை விட முடியாமல் தவிப்பவனைத் திட்டினால் பம்பு ஓடாது. அவனை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

சுவிட்ச்தான் கெட்டதென்று தெரிந்தால், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு மாற்ற வேண்டியதுதான். பச்சை பூத்த வயரை, பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டி எறிய வேண்டும். புது இணைப்பைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் போட்டு, ஈரம் புகாதபடி மூட வேண்டும். புது சுவிட்சை அழுகிய வயரோடு முறுக்கிக் கட்டினால் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும். ஒப்புரவு அருளடையாளத்தில் ஆண்டவர் நம்மைப் புதுப்பிக்கிறார். கல்லான இதயத்தை எடுத்துவிட்டுச் சதையாலான இதயத்தைத் தருவதாக எசேக்கியேல் வழியாக வாக்களித்தவர் அவர். பாவத்துக்கு ஏதுவான பழைய கூட்டாளிகளையும் பழைய கணக்கு நோட்டையும் வெட்டி எறிவது நம் பங்கு.

கடைசி வேலை சோதித்துப் பார்ப்பது. சிலர் மிதவையைக் கையால் தூக்கிப் பார்ப்பார்கள்; பம்பு ஓடியதும் திருப்தியாகிவிடுவார்கள். அது போதாது. மிதவைக்குள் நீர் புகுந்திருந்தால் கையால் தூக்கும்போது வேலை செய்யும். தண்ணீரில் மட்டும் எழும்பாது. வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றி, அது தானாக எழுகிறதா என்று பார்த்தால்தான் உறுதி. நமக்கு நாமே வசதியான கேள்விகளைக் கேட்டு, நல்லவன் என்று தீர்ப்புச் சொல்லிக்கொள்வது கையால் தூக்கிப் பார்ப்பது. தாவீது அரசர் உரியாவைக் கொல்வித்து, அவர் மனைவியை எடுத்துக்கொண்டு, குழந்தை பிறந்த பின்னும் அரியணையில் அமைதியாகத்தான் இருந்தார். இறைவாக்கினர் நாத்தான் வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொன்னார். அந்த மனிதன் நீர்தான் என்றபோதே தாவீதின் மனச்சான்று எழுந்தது.

ஆகையால், கடலுக்குப் போகுமுன் ஒவ்வொருவரும் ஒரு நாத்தானிடம் போங்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். சம்மாட்டி தன் தொழிலாளியிடம், “கணக்கில் உனக்கு ஏதாவது குறை வைத்திருக்கிறேனா?” என்று கேட்கட்டும். கணவன் மனைவியிடம், “என்னால் உனக்கு என்ன வேதனை?” என்று கேட்கட்டும். பதில் சொல்பவர்மேல் கோபப்படாதீர்கள். அந்த நேரத்தில் ஆண்டவர்தான் உங்களோடு பேசுகிறார். கேட்டதைச் சுமந்துகொண்டு ஒப்புரவுக்கு வாருங்கள். எந்நேரம் வந்தாலும் காத்திருக்கிறேன்.

படகில் அந்தச் சுவிட்சையும் தண்ணீர் ஊற்றிச் சோதித்துவிட்டே புறப்படுங்கள். உங்களோடு வரும் ஒவ்வொருவனுக்கும் கரையில் ஒரு தாய் இருக்கிறாள். அவன் உயிரைக் காப்பதும் நல்ல மனச்சான்றின் கடமைதான்.

புயலையும் கடலையும் அடக்கிய ஆண்டவர் உங்கள் படகிலும் உங்கள் உள்ளத்திலும் குடியிருப்பாராக. விண்மீனாம் மரியா உங்களைப் பத்திரமாகக் கரைசேர்க்கத் துணைநிற்பாராக. ஆமென்.