சலிப்பும் சலனமும்

சலிப்பைப் பற்றி எழுத உட்காருகிறவன் முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இது வெறும் மனநிலையா, அல்லது தார்மீகப் பிரச்னையா? பசியும் தூக்கமும் போல வந்து போகிற ஒன்றானால் கட்டுரைக்கு அவசியமில்லை. மேற்கில் இதைப் பாவக் கணக்கில் சேர்த்தவர்கள் உண்டு. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் தனிக் குடிலில் வாழ்ந்த கிறிஸ்தவத் துறவி எவாக்ரியஸ், உச்சிவேளையில் வந்து பிடிக்கும் ஒரு பேயை வர்ணிக்கிறார். சூரியன் நகர மறுக்கிறது. துறவி ஜன்னலையே பார்க்கிறான். வெளியே வந்து, சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சூரியனை அளக்கிறான். யாராவது வருகிறார்களா என்று இப்படியும் அப்படியும் பார்க்கிறான். இந்த இடம்தான் சரியில்லை, வேறிடம் போனால் இறைவனை அடைவது சுலபம் என்று பிறகு தோன்ற ஆரம்பிக்கிறது. மதியம் இரண்டரை மணிக்கு வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. சூரியனுக்குப் பதில் கணினித் திரையின் மூலையில் மணி தெரிகிறது. வேறு மடத்துக்குப் பதில் டிரான்ஸ்ஃபர் மனு.

இந்த வர்ணனையில் என்னைக் கவர்வது, அந்தத் துறவி ஓயாமல் அசைந்துகொண்டிருப்பது. ஜெர்மானியர்களின் சொல்லைப் பிரித்தால் 'நீண்ட பொழுது' என்று வரும்; அவர்கள் காலத்தின் நீளத்தைப் பார்த்திருக்கிறார்கள். நம்முடைய சொல் வேறொன்றைப் பார்த்திருக்கிறது. சலித்தல் என்றால் அசைதல், சஞ்சலப்படுதல், சோர்தல், வெறுத்தல் எல்லாம்தான். சலனமும் அதே வேரிலிருந்து வருவது. அசையாத மலை அசலம். சலிப்பு என்பது மனம் உறைந்துபோன நிலை என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம், ஆனால் சொல்லுக்குள் இருப்பது ஓரிடத்தில் நிற்க முடியாத தவிப்பு. (மாவு சலிப்பதும் அசைவுதான். 'போர்' என்று ஆங்கிலத்திலிருந்து எடுத்துக்கொண்டு அதை 'அடிக்கிறது' என்றபோது, களத்தில் மாடுகள் சுற்றிச்சுற்றி வருகிற போரடிப்பு யாருக்கும் நினைவுக்கு வந்திருக்காது. நிகண்டு விளையாட்டை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.)

நம் வட்டத்தில் சலிப்புக்கு ஒரு கௌரவம் இருக்கிறது. நவீனத் தமிழ்க் கவிதையில் அது ஆழத்தின் அத்தாட்சியாகவே நடமாடுகிறது. சலித்தவன் உணர்ந்தவன், உற்சாகமாக இருப்பவன் மேலோட்டமானவன். இந்தக் கணக்கின்மேல் எனக்கு அவநம்பிக்கை உண்டு. அதன் காரணத்தைச் சொல்ல ஹைடெக்கரிடம் போகவேண்டும்.

1929-30 குளிர்காலத்தில் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் அவர் நிகழ்த்திய விரிவுரைகளில் பெரும்பகுதி சலிப்பைப் பற்றியது. சலிப்பில் மூன்று வகை காண்கிறார். ஒன்று, ஒரு சிறிய ரயில் நிலையத்தில் அடுத்த வண்டிக்கு நான்கு மணி நேரம் இருக்கும்போது வருவது. சலிப்பூட்டும் பொருள் எது என்று சுட்டிக்காட்ட முடியும். இரண்டாவது, ஒரு விருந்துக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகப் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தபின், மாலை முழுவதும் சலித்துத்தான் இருந்தோம் என்று தெரியவருவது. (நம் புத்தக விமர்சனக் கூட்டங்களுக்குப் போய்வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.) மூன்றாவது, ஞாயிறு மதியம் பெருநகரத் தெருவில் நடக்கும்போது, எதனால் என்றே இல்லாமல் கவிவது. அதில் 'நான்' கூடக் கரைந்து, உலகம் முழுவதும் ஒரே சமமாக அர்த்தமிழந்து நிற்கிறது. அதை விரட்டாதீர்கள், அது சொல்வதைக் கேளுங்கள் என்கிறார். சலிப்பைப் பற்றி இவ்வளவு நுட்பமாக வேறொருவர் எழுதி நான் படித்ததில்லை.

ஆனால் அதே விரிவுரையில், நம் இருப்புக்குள் மீண்டும் திகிலைப் புகுத்தவல்ல ஒருவன் வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். 1933 மே மாதம் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். ஒன்றிலிருந்து மற்றது தவிர்க்க முடியாதபடி பிறந்தது என்று நான் வாதிடவில்லை. தத்துவத்தை அப்படிக் கைது செய்ய முடியாது. என்றாலும் சலிப்பை உன்னதமாக்குகிறவனுக்குச் சிறிய பரிகாரங்கள் போதாமல் போகின்றன. அவனுக்கு ஒரு 'நிகழ்ச்சி' தேவைப்படுகிறது. யார் தலையில் விடியும் நிகழ்ச்சி என்று அவன் விசாரிப்பதில்லை.

இது தத்துவப் பேராசிரியர்களின் வியாதி மட்டும் என்று எண்ண வேண்டாம். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபின் பல வாரங்களுக்கு வங்கிகளில் ஒருவரும் சலிக்கவில்லை. நள்ளிரவுவரை நோட்டு எண்ணினோம். வெளியே வரிசையில் முதியவர்கள் நின்றார்கள். மயங்கி விழுந்தவர்கள் உண்டு, நின்றபடியே இறந்தவர்கள் பற்றிச் செய்திகள் வந்தன. பின்னால் ஊழியர்கள் அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது அலுப்போடு கூடவே குரலில் ஒரு பிரகாசம் வரும். குரூரம் என்று அதைச் சொல்ல மாட்டேன், அவர்கள் இரக்கமுள்ளவர்கள். ஆனால் அந்தப் பிரகாசத்தை நான் மறக்கவில்லை.

பொழுதுபோக்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அறையில் சும்மா இருக்கத் தெரியாததே மனிதனின் துன்பங்களுக்கு மூலம் என்று கருதிய பாஸ்கலுக்கு 2014இல் ஆய்வுக்கூடச் சான்றும் கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் சிலரைத் தனி அறையில் 15 நிமிடம் வெறுமனே யோசிக்க விட்டார்கள். அறையில் இருந்த ஒரே கருவி மின்அதிர்ச்சி தருவது. 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர், தாங்களே அதை அழுத்திக்கொண்டார்கள். நம் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி இன்னும் மிருதுவான அதிர்ச்சி தருகிறது, அவ்வளவுதான்.

சலிப்பு வசதியுள்ளவனின் சுகவீனம், உழைப்பவனுக்கு அதற்கு நேரமில்லை என்று ஒரு வாதம் நண்பர்களிடமிருந்து வரும். ஸிமோன் வெய்ல் 1934-35இல் பாரிஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர். உழைப்பவனுக்கு நேரம்தான் மிகப் பெரிய பாரம் என்று அவர் உடம்பாலேயே அறிந்தார். ஒரேமாதிரித்தன்மையில் மிக அழகானதும் உண்டு, மிகக் கொடியதும் உண்டு என்பது அவர் எண்ணம். கொடியதைக் கவனத்தால் வெல்லுங்கள் என்று இயந்திரத்தின் முன் நிற்பவளிடம் உபதேசிப்பது அயோக்கியத்தனம். அவளுடைய சலிப்பு அந்த வேலையைப் பற்றிய சரியான தீர்ப்பு. மாற வேண்டியது வேலை.

அழகான ஒரேமாதிரித்தன்மை எது? கியெர்க்ககோர் 1843இல் வெளியிட்ட நூலில் ஒரு பாத்திரம் பயிர்ச் சுழற்சி என்றொரு உபாயம் சொல்கிறது. நிலத்தை மாற்றாதே, நிலத்தைக் குறுக்கிக்கொண்டு விதைப்பதை மாற்று. தனிமைச் சிறையில் இருப்பவனுக்கு ஒரு சிலந்தியே போதும். புத்திசாலித்தனமான உபாயம்தான். ஆனால் அந்தப் பாத்திரம் உலகத்தைத் தன் ரசனைக்கான பண்டமாக மட்டும் பார்க்கிற ஆள். நமக்கு இன்னும் நல்ல உதாரணம் நிரவலில் இருக்கிறது. பாடகர் கீர்த்தனையின் ஒரே வரியை எடுத்துக்கொள்கிறார். சொற்கள் மாறுவதில்லை, தாளத்தில் அவற்றின் இடமும் ஏறக்குறைய மாறுவதில்லை. கால் மணி நேரம் அதையே பாடுகிறார். சலிப்பதில்லை, ஏனென்றால் வரி அவருடைய ரசனைக்குத் தீனியாக இல்லை. அவர்தான் அந்த வரிக்குக் கட்டுப்பட்டிருக்கிறார்.

கவுண்டரில் எனக்குக் கிடைக்கிற நிரவல் கையெழுத்து ஒப்பிடுவது. மாதத்தின் முதல் நாட்களில் ஓய்வூதியம் வாங்க வரும் கிழவி ஒவ்வோர் எழுத்தாக வரைவாள், கோலம் போடுவது போல. போன மாதம் இருந்த சுழி இந்த மாதம் நடுங்கியிருக்கும். அதை நான் பார்ப்பது என் சலிப்பைத் தீர்த்துக்கொள்ள அல்ல. நான் பார்க்காவிட்டால் தவறு நேர்வது அவள் கணக்கில்.

பெஸோவாவின் 'அமைதியின்மையின் புத்தகம்' அவர் இறந்து 47 வருஷம் கழித்து, 1982இல் வெளிவந்தது. அதில் பேசும் ஸோரெஸ், லிஸ்பனில் ஒரு துணி வியாபார ஆபீஸின் உதவிக் கணக்கன். பக்கத்துக்குப் பக்கம் சலிப்புதான். ஆனாலும் அங்கே முதலாளி வாஸ்க்வெஸ் இருக்கிறார், தலைமைக் கணக்கர் மொரெய்ரா இருக்கிறார், பேரேடும் மசியும் ஆபீஸ் பையனும் இருக்கிறார்கள். நம் கவிதைகளின் ஞாயிறு மதியங்களில் ஒருவரும் இருப்பதில்லை. அடுத்த இதழிலும் ஒரு வெறிச்சோடிய தெரு வரும் என்று எதிர்பார்க்கிறேன். அந்தத் தெருமுனையில் ஒரு இஸ்திரி வண்டி நின்றிருக்குமே, அந்த ஆள் அப்போது எத்தனையாவது சட்டையில் இருந்தார் என்று கவிஞரிடம் கேட்க உத்தேசம்.